சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி

டெக்சஸ்காரர் ஹார்லன் இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி உள்ளங்கை அளவுதான். முதல் தோட்டா வெடிக்கும், இரண்டாவது சிக்கிக்கொள்ளும். போன மாதம் வாசலுக்கு வந்த கிலுகிலுப்பைப் பாம்பு, அவர் சிக்கலை எடுத்து முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டது.

மனைவி நடீனின் தம்பி ஓடெல்லிடமும் அதே ரகத் துப்பாக்கி. அது ஒருநாளும் சிக்கியதில்லை.

"என்னுது தயாரிப்புலயே கோளாறு, மச்சான். இன்னைக்கே வித்துடப் போறேன்," என்றார் ஹார்லன், சுடுதளத்தில் நின்றபடி.

"வித்துட்டு அழாதீங்க மாமா. முதல்ல மாத்திச் சுட்டுப் பாருங்க," என்று ஓடெல் தன்னுடையதை நீட்டினான்.

ஹார்லன் சுட்டார். அதுவும் இரண்டாவதிலேயே சிக்கியது.

"மணிக்கட்டைத் தொளதொளன்னு விடுறீங்க. சின்னத் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கலன்னா அடுத்த தோட்டா ஏறாது."

"எனக்கே சொல்லித் தர்றியா? உன்னுதையும் கெடுத்து வச்சிருக்கடா!"

"இங்க குடுங்க," என்று ஹார்லனின் துப்பாக்கியை வாங்கினாள், கூடவே வந்திருந்த நடீன். அந்தத் தெருவில் யாராலும் திறக்க முடியாத ஊறுகாய்ப் புட்டியெல்லாம் அவளிடம்தான் வரும். அத்தனை தோட்டாக்களும் மளமளவென்று பறந்தன. அத்தனையும் குறிப்பலகையில் ஒரே ஓட்டைக்குள்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஹார்லன் அதை விற்கவில்லை. காப்பிக் கடையில் இப்போது நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: "ஆறு மாசமாச்சு, என் துப்பாக்கி ஒருதடவைகூடச் சிக்கல!"