வாசித்து முடியட்டும்

வாய்வரை வந்துவிட்ட அழுகையை, முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்து அடக்கினாள் கோமதியம்மாள். கட்டிலில் கிடந்த புருஷன் கணேசபாண்டியன் வாத்தியாருக்கு மூச்சு நின்றுபோயிருந்தது. ஒரு மடக்கு வெந்நீர் கேட்டவர், அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் திரும்புவதற்குள் போய்விட்டார். மனுஷருக்கு எதிலும் அவசரம்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம்தான் அவளைத் தடுத்து நிறுத்தியது.

தாராவியில் அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுப் பெண் முதல் குரல் எடுக்க வேண்டும். எடுத்தால் போதும், தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவன்கூடக் கையைக் கழுவிவிட்டு வந்து நிற்பான். வாத்தியார் வீட்டிலிருந்து குரல் எழும்பினால் பள்ளிக்கூடமே காலியாகிவிடும். இன்றைக்கு அது காலியாகக் கூடாது. மாட்டுங்காவிலிருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கவும் எழுதவும் வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் வகுப்பை மூடச் சொல்லி எழுதிவிடுவார். வாத்தியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தடவை தள்ளிப்போட்டாகிவிட்டது. இனித் தவணை கிடையாது என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வாத்தியாருக்குப் பதிலாக அந்த வகுப்பில் நிற்பது மகள் ஆறுமுகத்தாய். நேற்று அப்பாவுக்கும் மகளுக்கும் பெரிய சண்டை. இன்ஸ்பெக்டருக்குப் பயந்துபோன பெண், கொஞ்ச நாளாகவே பிள்ளைகளைப் பாடம் முழுவதையும் உருப்போட வைத்திருக்கிறாள். அது தெரிந்ததும் வாத்தியார், தான் செத்தே போயிருக்கலாம் என்று கத்தினார். காலையில் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே அவள் போய்விட்டாள்.

செய்ய வேண்டியதைக் கோமதியம்மாள் ஒற்றை ஆளாகச் செய்தாள். கண்ணை மூடிவிட்டாள். கைகால்களை நேராக்கிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கதவைச் சாத்த வழியில்லை. பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் என்னவோ ஏதோ என்று சந்தே வந்து தட்டும். ஆகவே ரேஷன் அரிசியைச் சுளகில் கொட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் சாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். உறங்குகிறார் என்று சொன்னாள். தாலி கட்டினவரைப் பிணமாகப் போட்டுவிட்டு அரிசி புடைக்கிறாயே, நீயும் ஒரு பொம்பளையா என்று தன்னைத்தானே வைதுகொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்தர் பானு கஞ்சியோடு வந்தாள். தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டவள், போன வேகத்தில் திரும்பினாள்.

"அக்கா, சாரு மௌத்தாயிட்டாகளே."

"சத்தம் போடாத பானு. ஒம்மவ வாசிச்சு முடியட்டும்."

அக்தர் பானுவின் மகள் நஸீரா அந்த ஏழாம் வகுப்பில்தான் இருந்தாள். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி. ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். வகுப்பை மூடினால் மறுநாளே தையல் கடையில் சட்டைக்குக் காஜா எடுக்கிற வேலைக்கு அனுப்பிவிடுவதாக அவள் வாப்பா சொல்லியிருந்தார். அக்தர் பானு மறுபடி உள்ளே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து, ஈ அண்டாமல் முந்தானையால் வீசத் தொடங்கினாள்.

சுவருக்கு அப்பால் பாடம் மடமடவென்று ஓடியது. கோமதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவளுக்கும் சொல்லிக்கொடுக்க வந்தபோதெல்லாம், உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். ஆனாலும் இத்தனை வருஷம் அந்தச் சுவரோரம் சமைத்ததில் காது பழகியிருந்தது. மனப்பாடம் தடையில்லாமல் ஓடும். வாசிப்பு நின்று நின்றுதான் வரும். இப்போது ஓடியது மனப்பாடம்.

"புஸ்தகத்தை மூடுங்கோ," என்றது புதுக்குரல். "பாக்காமலே ஒப்பிக்கறேள். இதுக்குப் பேர் வாசிப்பா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று கோமதியம்மாள் நினைத்தாள். அப்போது ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது. நடுங்கினாலும் தெளிவாகக் கேட்டது.

"தப்பு எம்மேலதான் சார். எங்கப்பா இப்படிச் சொல்லிக்குடுக்கல. அந்த அலமாரியில பொட்டலத் தாளு கெடக்கு. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

பலசரக்குக் கடையில் பருப்பும் வெல்லமும் மடித்துவந்த தமிழ்ப் பத்திரிகைத் துண்டுகளை வாத்தியார் சேர்த்துவைப்பார். ஒன்றுக்கும் தலை இருக்காது, வால் இருக்காது. இருப்பதை வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும், பின்னால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளே எழுத வேண்டும். எறும்புதான் வருகிறது என்று தலைமையாசிரியர் திட்டாத நாள் இல்லை. இவர் காதில் வாங்கிக்கொண்டதும் இல்லை.

இன்ஸ்பெக்டர் யாரையோ கூப்பிட்டார். நஸீராவின் குரல் எழுந்தது. ஒரு சொல் வந்தது; நின்றது. பிறகு பாதிச் சொல் வந்தது. கட்டிலோரம் இருந்த அக்தர் பானு வீசுவதை நிறுத்திவிட்டாள்.

"திக்குதாளே அக்கா."

"திக்கட்டும்," என்றாள் கோமதியம்மாள். "அவ வாசிக்கா."

அந்தக் குரல் விழுந்து எழுந்து கடைசிவரை போனது. பிறகு எழுதச் சொன்னார் போலிருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைத்தான் கோமதியம்மாளால் தாங்க முடியவில்லை. குரலைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். எழுதுவதை எப்படிக் கேட்பது? கல்லும் அரிசியும் ஒன்றாகத் தெரிந்தன. ஈ ஒன்று வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தது.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பெரிய ஆள் சிரிப்பு. சற்றைக்கெல்லாம் கோட்டும் குடையுமாக ஒருவர், தலைமையாசிரியர் பின்தொடர, சந்துக்குள் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தார். அவர்தான் இன்ஸ்பெக்டர் வேங்கடசுப்ரமணியன். கோமதியம்மாள் எழுந்து வாசலை மறைத்து நின்றாள்.

"சார் தூங்கறாரா? எழுப்ப வேண்டாம். அந்தத் திக்குவாய்ப் பொண்ணு நாலு வரி வாசிச்சுட்டு, ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காம்மா. வகுப்பு இருக்கும்னு அவர்கிட்ட சொல்லுங்கோ."

"எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சாய்யா?"

"போட்டாச்சு. ஏன் கேக்கறேள்?"

கோமதியம்மாளின் கை தானாகப் பின்னால் போய்க் கொண்டையை அவிழ்த்தது. இன்ஸ்பெக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

சந்து முனையில் ஆறுமுகத்தாய் திரும்பினாள். ஒரு கையில் நஸீராவைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் நஸீரா எழுதிய, மசி காயாத தாள். அப்பாவிடம் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். மகள் வாசலுக்கு வந்து சேரட்டும் என்று கோமதியம்மாள் இன்னும் கொஞ்சம் வாயைத் திறக்காமல் நின்றாள்.