ஜட்ஜம்மாவும் இரண்டு பேஸ் கிட்டார்களும்

அந்த வீட்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் கணவர். வாசித்தது சரியா தப்பா என்று சொல்கிற அதிகாரம் மட்டும் மனைவியிடம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் வாசித்துக் காட்டிவிட்டு எப்படி என்று கேட்க, கொஞ்சமும் தயங்காமல் "நடுவுல ஒரு இடத்துல தாளத்தை விட்டுட்டீங்க" என்று அவள் போட்டு உடைத்தாள். அன்று முதல் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அவர் வார நாட்களில் லிஃப்ட் மெக்கானிக், சனி ஞாயிறில் ஒரு பாட்டுக் குழுவில், பாட்டுக்கு அடியில் கும்மென்று கேட்கிற பேஸ். அந்தக் குழுவில் டிரம் வாசிப்பவர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவள் ஒன்றும் சங்கீதம் படித்தவள் இல்லை. உடைகளைப் பிரித்துத் திருத்திக் கொடுக்கிற சின்னத் தையல் கடை வைத்திருந்தாள். ஆனால் காது என்றால் அப்படியொரு காது.

அந்தக் காதுதான் இப்போது போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது. கெட்டுப்போய்விட்டதே என்று பதறிப்போய்த் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் சில்லென்றுதான் இருந்தது. அடுத்து லாரிகள் சத்தமில்லாமல் போக ஆரம்பித்தன. அதற்கு அடுத்து அவருடைய பேஸ். முன் அறையில் உட்கார்ந்து அவர் வாசிப்பார், விரல்கள் தடித்த கம்பிகள் மேல் ஓடும், வாய் லேசாகத் திறந்திருக்கும், அவளுக்கு ஒன்றும் வராது. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். "நல்லா இருக்கு" என்பாள்.

முன்பெல்லாம் ஒரு குறையாவது சொல்லாமல் விடமாட்டாள். இப்போது எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு. அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் பாராட்டு கிடைக்கும்போது எந்த மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது? வயசாக வயசாகக் கை பதமாகிவிட்டது என்று அவர் பாட்டுக்குப் பூரித்துக்கொண்டிருந்தார். பேச்சில் மாட்டிக்கொள்ளவும் வழியில்லை. லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. எதிரே நின்று பேசினால் அவளுக்குப் போதுமான அளவு கேட்டது, கேட்காததை உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவாள்.

பல்லைக் காட்டப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகக் காது டாக்டரிடம் போய் வந்தாள். இரண்டு கிளையுள்ள ஒரு இரும்பைத் தட்டி டாக்டர் காதருகே பிடித்தார், ஒன்றும் இல்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார், மண்டைக்குள் ரீங்காரமிட்டது. உள்ளே ஒரு குட்டி எலும்பு இறுகிவிட்டது, காற்று வழியாக வருவதுதான் அடைபடுகிறது, எலும்பு வழி நன்றாகவே இருக்கிறது, வைத்தியம் உண்டு, அடுத்த முறை வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள்தான், அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. யாரைக் கூட்டிக்கொண்டு போவது? கூட்டிக்கொண்டு போனால் சொல்ல வேண்டியிருக்குமே.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அவருக்கு விலையுயர்ந்த பேஸ் மேல் ஆசை வந்தது. பழையது கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய மலிவுச் சரக்கு. சிவப்புப் பெயின்ட், கல்லுக் கனம். இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றால் மறுநாள் தோளைத் தூக்க முடியாது. மூன்றாவது கம்பி ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். டிரம்காரர் அதைப் பலகை என்றுதான் சொல்வார். புதிதாக அவர் கண் வைத்திருந்தது தேன் நிறத்தில் கிட்டார் கடையின் நடுச்சுவரில் தொங்கியது. விலைச் சீட்டைப் பார்த்தபோது ஜட்ஜம்மாவுக்கு, ஒரு பூஜ்யத்தைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்களோ என்று தோன்றியது. ஆனாலும் அவர் ஆசைப்பட்டு ஒன்று கேட்பதே அபூர்வம். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும், வீட்டில் இடமில்லை என்று மட்டும் நிபந்தனை போட்டாள். கடைக்காரரும் பழையதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்திருக்க, அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நீ வந்து ரெண்டையும் கேட்டுட்டு எது நல்லா இருக்குன்னு சொல்லு. எது எதுன்னு பாக்காம சொல்லணும். நீ புதுசுன்னு சொன்னாத்தான் வாங்குவேன்."

எனக்கென்ன தெரியும், தையல் கடையில் வேலை கிடக்கிறது என்று சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தாள். அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

கிட்டார் கடை சின்னதுதான். மர எண்ணெய் வாசனை, மேலிருந்து கீழ்வரை கிட்டார்கள், மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஸ்பீக்கர். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தேன் நிறத்தின் பெருமையைச் சொன்னார். கழுத்து வளையாது, கம்பி இறங்காது, மேலே வாசித்தாலும் கீழே வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் நிற்கும், தோளில் இருப்பதே தெரியாது. மலிவானதிலும் பாட்டு வரும், ஆனால் பாதி நேரம் நாம் அதற்கு வேலை பார்க்க வேண்டும், இது நமக்கு வேலை பார்க்கும் என்றார். ஜட்ஜம்மா அவர் உதட்டையே பார்த்துத் தலையாட்டினாள்.

அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அதிர்ஷ்டவசமாக எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் கணவரின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. அவர் முதலில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்பை எடுத்துச் சுருதி பார்த்து வாசித்தார். ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாக அவள் உள்ளங்காலில் குறுகுறுத்தது. பரவாயில்லை, இதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று தைரியம் வந்தது.

பிறகு கண்ணாடியில் தேன் நிறம் தெரிந்தது. அவர் விரல்கள் ஓடின. காலில் ஒன்றும் வரவில்லை. செருப்பிலிருந்து குதிகாலை நைஸாக எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. அவள் யோசித்தாள். இத்தனை விலை கொடுத்து வாங்குகிற சாமான் மலிவானது மாதிரியா தரையைப் போட்டு உதைக்கும்? நாசூக்காகத்தான் இருக்கும். அதுதான் போலிருக்கிறது இதன் தரம். ஆளும் முகம் மலர வாசித்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டாவதுதாங்க" என்றாள், திரும்பாமலேயே. "எவ்வளவு சுத்தமா இருக்கு. முதல்ல வாசிச்சது இதுகிட்ட நிக்க முடியாது."

பதில் வரவில்லை. வந்தும் கேட்கவில்லையோ என்று திரும்பினாள். கடைக்காரர் உள்ளே இருந்து ஒரு சின்னச் சதுர பேட்டரியோடு அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். விலையுயர்ந்த பேஸுக்கு உள்ளே பேட்டரி இருக்க வேண்டும், அது தீர்ந்துவிட்டால் ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட வராது. இத்தனை நேரம் அது ஊமையாக இருந்திருக்கிறது. ஏன் சத்தமில்லை என்று கணவர் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். கையும் களவுமாக அகப்பட்டவள் மாதிரி அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் முகத்தில் கோபம் இருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அது இல்லை. பேஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"எப்போலேருந்து?"

அவள் சொன்னாள். ஃபிரிட்ஜ், லாரி, பல் டாக்டர் என்று சொன்ன பொய், எலும்பில் வைத்த இரும்பு, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். கடைக்காரர் நல்ல மனிதர், பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"வாசிச்சு முடிச்சதும் என் முகத்தைப் பாப்பீங்க இல்ல" என்றாள். "கேக்கலைன்னு தெரிஞ்சா அப்புறம் பாக்க மாட்டீங்களே."

தன் சத்தம் அவளுக்குப் போய்ச் சேராமலே இத்தனை நாள் வாசித்துக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு அவள்மேல் வருத்தமே வரவில்லை, தன்மேல்தான் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எலும்பு வழியாகக் கேட்கிறது என்றா டாக்டர் சொன்னார் என்று திரும்பக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்தார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரி வாசித்துப் பழக அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்பீக்கரில் மாட்டாமல், பேஸின் மேல் பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் தாடையை அழுத்திக்கொண்டு வாசிப்பார். வெளியே ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது, அவருக்கு மட்டும் தாடை எலும்பு வழியாக அத்தனையும் கேட்கும். அவர் தாடி உரசி உரசிச் சிவப்பு பேஸின் கொம்பில் பெயின்டே போய்விட்டது.

முதலில் தேன் நிறத்தைத்தான் கொண்டுவந்தார். அதன் பளபளக்கும் கொம்பை அவள் தாடையில் வைத்தார், கடைக்காரர் தடுக்கவில்லை. மெல்லியதாக ஒன்று வந்தது. அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது மாதிரி. அடுத்து சிவப்பு. பெயின்ட் போன இடத்தில் தாடையை வைத்தாள். அவர் ஒரு கம்பியைத் தட்டினார்.

அவள் மண்டை முழுக்க நிறைந்தது. பல்லில் அதிர்ந்தது, கண்ணுக்குப் பின்னால் அதிர்ந்தது. அவர்தான், அவருடைய அதே அழுத்தம், ஒவ்வொரு வரி முடிவிலும் கொஞ்சம் இழுத்து விடுகிற அதே பழக்கம். அவளுக்கு அழுகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைக்காரருக்கு ஆச்சரியமில்லை. நல்ல பேஸ் அதிர்வைக் கம்பியிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளும், மரத்துக்கு விடாது, அதற்குத்தான் அந்த விலை என்றார். மலிவானதில் பாதி மரத்தில் வீணாகப் போய்விடும்.

"வீணா ஒண்ணும் போகல" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

ஜட்ஜம்மா கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள்.

"மூணாவது கம்பி இறங்கியிருக்கு."

அவர் கை நின்றது. இத்தனை நாள் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்ன வாய். இப்போது சொல்வதை நம்பலாமா? பேஸின் தலையில் சுருதி காட்டுகிற குட்டிக் கருவி மாட்டியிருந்தது. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் அதைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முறுக்காணியைத் திருகினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும். போதும்."

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்த்தவர் கடைக்காரர் ஒருவர்தான். அவர் கையிலிருந்த பேட்டரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எதற்குப் பில் போட என்று அவர் கேட்டபோது, கணவர் பழையபடி ஜட்ஜம்மாவின் முகத்தைப் பார்த்தார். புதுசு வேண்டாம், பழசு போதும் என்று சொல்லத்தான் அவர் நினைத்திருந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அதை வாங்கிக்குங்க. மேடையில தோள் வலிக்காம நிக்கலாம், அதுக்கே அந்த விலை தகும். ஆனா இதைக் குடுக்க விட மாட்டேன்."

"ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்னியே. இடம்?"

"கட்டில்ல என் பக்கம் இடம் இருக்கு."

நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும், நானும் வருவேன் என்று அவர் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பணத்தை எடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பையோடு தெருவில் இறங்கினார்கள். கனமான பையை அவள்தான் தோளில் மாட்டியிருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். கொடு, நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அவர் பக்கத்தில் வந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.