நேர்ந்துவிட்ட முடி

"ஏழு மாசம்மா! ஏழு மாசம் காத்தாலயும் பொழுதோடயும் சொட்டுச் சொட்டா எண்ணி உட்டு—"

"நீ எண்ணி உட்ட, நான் வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வெச்சேன், அதுக்கென்னா இப்ப—"

"—வளத்த முடிம்மா இது! இதப் போயி—"

"வளத்தது நீயில்ல, முனியப்பன். அவன் குடுத்தான், அவனுக்கே குடுக்கறோம்."

"அவனுக்கு எதுக்கு என் முடி? அவனுக்கு மீசையே மொழ நீளம் இருக்குது!"

"மொதல்ல வாயக் கழுவுடா!"

செல்லம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். கிருஷ்ணப்பனும் வாங்கி வாயைக் கழுவிக்கொண்டான். முனியப்பன் விஷயத்தில் அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

கம்பைநல்லூர் பால் சொசைட்டியில் பால் அளந்து எழுதுகிற வேலை கிருஷ்ணப்பனுக்கு. வயது முப்பத்தொன்று. இருபத்தைந்தில் நெற்றியின் இரண்டு ஓரமும் மேலேறத் தொடங்கியது. இருபத்தெட்டில் உச்சியில் ஒரு வட்டம் விழுந்தது. அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வந்து கைகுலுக்கிக்கொண்டன. பெண் பார்க்கப் போன மூன்று இடத்திலும், பொருந்தியிருந்த ஜாதகம் இவன் தலையைப் பார்த்த பிறகு பொருந்தாமல் போனது. மூன்றாவது இடத்தில் பெண்ணின் மாமன் இவனை உட்காரவைத்து, காப்பியும் கொடுத்து, "அண்ணன் நீங்க வந்துட்டீங்க, மாப்பிள்ள எப்ப வருவாருங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவன் தலையில் தடவாதது இல்லை. கரிசலாங்கண்ணித் தைலம் தடவினான். குன்றிமணியை ஊறவைத்து அரைத்துத் தடவினான், கொப்புளம்தான் வந்தது. சின்ன வெங்காயத்தைப் பிழிந்து தடவிக்கொண்டு ஒருநாள் சொசைட்டிக்குப் போக, பால் ஊற்ற வந்த பெரியம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னா சார், சொசைட்டியில இன்னிக்குக் கறிக்கொழம்பா?"

"பால ஊத்திட்டுப் போம்மா."

"வாசன ஆள இழுக்குதுங்க, அதான் கேட்டேன்."

அரூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஹயாத் பாஷா பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். அவன் தம்பி அப்துல் சுபானுக்கு துபாயில் வேலை. எண்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு புட்டி கொண்டுவந்தான். பச்சைத் தண்ணீர் மாதிரி மருந்து, கூடவே உறிஞ்சி விடுவதற்கு ஒரு சின்னக் குழாய்.

"அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சதுடா," என்றான் பாஷா. "ரத்தக் கொதிப்புக்குன்னு மாத்திர குடுத்திருக்கான். தின்னவனுக்கெல்லாம் ஒடம்பு பூரா முடி மொளச்சிருச்சாம்."

"எனக்கு எங்கடா ரத்தக் கொதிப்பு?"

"அதனாலதான் இப்பத் தண்ணியாக் கரச்சுத் தலையில மட்டும் தடவச் சொல்றான். காத்தால ஒரு மில்லி, ராத்திரிக்கு ஒரு மில்லி. நாலஞ்சு மாசம் ஆவும். நடுவுல நிறுத்துனா வந்ததும் போயிரும்."

"எத்தன நாளைக்குத் தடவணும்?"

"முடி வேணுங்கற வரைக்கும்."

கிருஷ்ணப்பன் அன்றைக்கே தொடங்கினான்; புட்டி தீரத் தீர அப்துல் சுபான் துபாயிலிருந்து அனுப்புவதாக ஏற்பாடு. மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் தலையணையைப் பார்த்தான். இருந்த முடியும் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து அரூர் போனான்.

"உன் தம்பிக்கு நான் என்னாடா கெடுதல் பண்ணேன்?"

"பதறாத. பழசு உழுந்துதான் புதுசு வருமாம், அவனே சொல்லிட்டுத்தான் போனான். நாந்தான் உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

"மறக்கற விஷயமாடா இது?"

அவன் அரூரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே நேரம், வீட்டில் செல்லம்மாள் அந்தத் தலையணையைக் கையில் எடுத்தாள். முடியைப் பார்த்தாள். அறையில் அந்த மருந்தின் ஸ்பிரிட் வாடை வேறு. பிள்ளை கல்யாணம் ஆகாத கவலையில் குடிக்கத் தொடங்கிவிட்டான், குடித்துக் குடித்து இருக்கிற முடியும் கொட்டுகிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். ஏரிக்கரை முனியப்பன் முன்னால் போய் நின்றாள். "எம் புள்ள வாயில அந்த வாட வரக்கூடாது. தலையில முடி மொளைக்கணும். மொளச்சா அந்த மொத முடி உனக்குத்தான்" என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தாள்.

முனியப்பன் இரண்டையும் நிறைவேற்றினார். வாயில் வாடை வரவே இல்லை. நான்காம் மாதம் உச்சியில், பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி தெரிந்தது. ஏழாம் மாதம் அது கறுத்து, சீப்புக்கு அகப்பட்டது. கிருஷ்ணப்பன் சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து மொரப்பூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. புளி வியாபாரம் செய்கிற பெரியண்ணனின் மகள், பெயர் ராஜாமணி. வியாழக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அப்போதுதான் செல்லம்மாள் நேர்ந்ததை வெளியே சொன்னாள்.

வாயைக் கழுவிவிட்டு வந்த கிருஷ்ணப்பன் குரலை இறக்கிக்கொண்டான்.

"சரி, குடுக்கலாம். கல்யாணம் முடியட்டும், குடுக்கலாம்."

"சாமிக்கு நேந்ததத் தலையில வெச்சிக்கிட்டே பொண்ணு பாக்கப் போனா வெளங்குமாடா? மூணு எடம் தட்டிப் போனது போதாதா?"

"தட்டிப் போனதே முடியில்லாமத்தாம்மா! இப்பத்தான் கொஞ்சம் வந்திருக்குது. இதக் காட்டாம வேற எதக் காட்டறது?"

"உன் கொணத்தக் காட்டு."

"அத மூணு வூட்டுலயும் காட்டுனேன்."

செல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வியாழக்கெழம காத்தால முனியப்பன், மத்தியானம் மொரப்பூரு. மாதுகிட்டச் சொல்லிட்டேன், கத்தியத் தீட்டி வெச்சிருப்பான்" என்றாள்.

"மருந்த நிறுத்துனா மறுபடியும் உழுந்துரும்மா."

"நிறுத்தாத. தடவக்கூடாதுன்னு முனியப்பனா சொன்னான்?"

கிருஷ்ணப்பன் மறுபடியும் அரூர் பஸ் ஏறினான். கடையில் குண்டானுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்த பாஷா, முழுவதையும் கேட்டுவிட்டு உளியைக் கீழே வைத்தான்.

"மொட்ட அடிச்சிக்கடா."

"நீயுமா?"

"கேளு. மருந்து வேலை செய்யறது வேருல. மேல அறுத்தா வேரு எங்க போவுது? அது ஒண்ணு. ரெண்டாவது, உன் முடி இப்ப எப்பிடி இருக்குது? உண்மையச் சொல்லட்டா?"

"சொல்லு."

"எனக்குத் தெரியுது, ஏன்னா ஏழு மாசமா நான் பாக்கறேன். மொரப்பூர்க்காரங்க மொத வாட்டி பாக்கப் போறாங்க. அவங்க கண்ணுக்கு நீ வழுக்கைதான். ஆனா மொட்ட அடிச்சிட்டுப் போனீன்னு வெய்யி, எவனாவது மொட்டையப் பாத்து வழுக்கைன்னு சொல்லுவானா? வேண்டுதல்னு கும்புடுவான். சந்தனத்த மட்டும் நல்லாக் கெட்டியா அப்பிக்க."

கிருஷ்ணப்பன் குண்டானில் பாதி வெட்டியிருந்த பேரை விரலால் தடவினான்.

"இது ஏமாத்தறதில்லயா?"

"சாமி காரியம்டா. ஒங்கம்மாவே சொல்றாங்க."

வியாழக்கிழமை காலையில் ஏரிக்கரையில் மாது தண்ணீர் தெளித்து, கட்டைவிரலால் தலையைத் தேய்த்துப் பார்த்தான்.

"சுத்தியும் கரும்புக் கொல்ல, நடுவுல அருகம்புல்லு. ரெண்டையும் ஒண்ணா அறுக்கச் சொல்றீங்களே சார்."

"பேசாம செரைங்க."

"அந்தப் புல்லு புதுசாட்டம் இருக்குதே. நல்லா எறங்கி வருது. என்னா போடறீங்க?"

"முனியப்பன் போட்டாரு," என்றாள் செல்லம்மாள்.

உச்சி முடி தனியாக ஒரு வாழையிலைத் துண்டில் விழுந்தது. இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு. செல்லம்மாள் அதைப் பயபக்தியோடு சாமி காலடியில் வைத்தாள். கிருஷ்ணப்பன் கும்பிட்டபடியே ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் ஒரு கிண்ணம் சந்தனத்தையும் அவன் தலையில் வழித்துப் பூசினாள். கரும்புக் கொல்லையும் அருகம்புல்லும் ஒன்றாக மறைந்தன.

பாஷா சொன்னது அப்படியே நடந்தது. பெரியண்ணன் வாசலிலேயே கைகூப்பினார்.

"நேத்திக்கடனுங்களா? நல்லதுங்க, நல்லதுங்க. சாமி பக்தியுள்ள மாப்பிள்ள. என்னா வேண்டுதலுங்க?"

"குடும்பம் நல்லாருக்கணும்னுதாங்க," என்றாள் செல்லம்மாள். அது பொய்யில்லைதான்.

ராஜாமணி கேசரித் தட்டோடு வந்தாள். மெதுவாக, தரையைத் தடவுவதுபோல் காலை வைத்து நடந்தாள். அடக்கமான பெண் என்று செல்லம்மாள் நினைத்தாள். ராஜாமணி கிருஷ்ணப்பனைப் பார்த்துத் தலையைக்கூட லேசாக ஆட்டினாள். மூன்று வீடுகளில் யாரும் அவனைப் பார்த்துத் தலையாட்டியதில்லை.

"மாப்பிள்ளைக்கு முடி நல்லா அடர்த்திங்களா? எங்க பொண்ணு ஆசப்படும், அதான்," என்றாள் ராஜாமணியின் அம்மா சிரித்துக்கொண்டே.

"சீப்பு எறங்காதுங்க," என்றாள் செல்லம்மாள்.

கிருஷ்ணப்பனுக்கு வியர்த்தது. சந்தனம் கரைந்து நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கியது. "கை கழுவணுங்க" என்று எழுந்தான். புழக்கடையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கண் எரிச்சலில் இரண்டு கையாலும் வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டான். மஞ்சள் தண்ணீர் காலடியில் ஓடியதைப் பார்த்த பிறகுதான் கை தானாகத் தலைக்குப் போனது. சந்தனம் முழுக்கப் போயிருந்தது. ஓரமெல்லாம் பச்சை பூத்த கறுப்பு, நடுவில் பளபளவென்று வெயில்.

"துண்டுங்க."

ராஜாமணி நின்றிருந்தாள். துண்டைப் பப்பாளி மரத்தின் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பன் நகர்ந்து வந்து வாங்கினான்.

"பாத்துட்டீங்க இல்ல?"

"என்னாங்க?"

"தலைய."

"மொட்டைங்களா? உங்கம்மாதான் சொன்னாங்களே, வேண்டுதல்னு."

"அதில்லீங்க. சந்தனம் போயிருச்சு, அதச் சொன்னேன்."

"சந்தனம் வெச்சிருந்தீங்களா?"

கிருஷ்ணப்பன் துடைப்பதை நிறுத்தினான்.

"என் மொகம் தெரியுதுங்களா உங்களுக்கு?"

அவள் உதட்டைக் கடித்தாள். உள்ளே பேச்சுக்குக் காது கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளையாச் சட்ட தெரியுது. அதுக்கு மேல என்னமோ இருக்குது. நான் கண்ணாடி போடுவேங்க, சோடாபுட்டி. போன வாட்டி வந்தவங்க அதப் பாத்துட்டுத்தான் பதிலே எழுதல. அதான் அம்மா இன்னிக்குப் புடுங்கி வெச்சிட்டாங்க."

"அப்பறம் எப்பிடி என்னப் பாத்துத் தலையாட்டுனீங்க?"

"அம்மா முதுகுல குத்துனாங்க. ஆட்டுனேன்."

கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. உள்ளேயிருந்து செல்லம்மாளின் குரல் கேட்டது. "மூணே மாசத்துல பாருங்க, காடு மாதிரி வளந்துரும்." பெரியண்ணன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் காரியம் முடிந்துவிட்டது தெரிந்தது. தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தால் போதும்.

"எங்கம்மா சொல்றது நெசமில்லீங்க," என்றான்.

"எது?"

"காடு. இந்த மொட்டைக்குக் கீழயும் எனக்கு மொட்டதாங்க. ஓரத்துல இருக்குது. நடுவுல இல்ல. துபாய்லருந்து மருந்து வருது, ஏழு மாசம் தடவுனேன். கொஞ்சூண்டு வந்துச்சு. அதத்தான் இன்னிக்குக் காத்தால செரச்சிட்டாங்க."

"ஏன் செரச்சாங்க?"

"அது வரணும்னுதான் வேண்டுதலே."

ராஜாமணி சிரிப்பை முந்தானையால் மூடினாள். "மறுபடியும் வருங்களா?"

"தடவுனா வரும். காத்தால ஒரு வாட்டி, ராத்திரிக்கு ஒரு வாட்டி. நிறுத்துனா உழுந்துரும். எத்தன வருஷம் தடவுனாலும் காடா ஆவாது. எங்கப்பா தலையும் இப்பிடித்தான்."

"எனக்குத்தான் தெரியலைங்களே. சும்மா இருந்திருக்கலாம் நீங்க."

"மூணு எடத்துல பாத்துட்டு வேணாம்னாங்க. அதக்கூடத் தாங்கிக்கிட்டேங்க. பாக்காமயே நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு வெய்ங்க, என்னிக்குப் பாப்பீங்களோன்னு தெனம் நான் பயந்துக்கிட்டே கெடக்கணும்."

ராஜாமணி திரும்பி, கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். கூரை ஓலையில் விரலை விட்டுத் துழாவினாள். கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு பொட்டலம் வந்தது.

"அம்மா பருப்பு டப்பாவுலதான் வெச்சாங்க. நான் எடுத்து இங்க சொருவிக்கிட்டேன்."

கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சின்னதாகி, கூர்மையாக அவன் முகத்தில் வந்து நின்றன. முதன்முதலாக அவனைப் பார்த்தாள்.

"ராஜாமணீ! அங்க என்னா பண்ற?" உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள்.

அவள் அசையவில்லை. முகத்தை நிதானமாகப் பார்த்து முடித்தாள். பார்வை நெற்றிக்கு ஏறியது. அங்கிருந்து ஒரு ஓரம், பிறகு மறு ஓரம். கிருஷ்ணப்பன் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் ஒரு அடி அவள் கிட்டே வந்தது கொலுசில் தெரிந்தது.

"கொஞ்சம் குனியுங்க, நீங்க ஒயரமா இருக்கீங்க."