சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டோரம் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் எந்திரம் இணையக் கேபிளை அறுத்தது.

கேபிள்காரர் சகாயராஜ் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வர்றேன் மேடம்."

"எனக்கு ஒன்றரை மணிக்கு வேணுங்க. ரொம்ப முக்கியமான மீட்டிங்."

"ஒன்றரைக்கு எனக்கு சோறு வேணும் மேடம். அதுவே கிடைக்குமான்னு தெரியல."

கலைப்பிரியா செல்பேசியின் இணையத்தை மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்தாள். வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டியது, அதுவும் நிலைக்கவில்லை. விழுப்புரத்தில் அவள் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தாள். நான்கு பேர் கொண்ட சின்ன நிறுவனம். தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதிக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். கூட்டம் ஒன்றரைக்கே தொடங்கினாலும், நிகழ்ச்சி நிரல்படி அவள் விஷயம் மூன்று மணிக்குத்தான்.

அடுத்த தலைமுறை செல்பேசி வலைப்பின்னல் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிகளை எழுதுகிற கூட்டம் அது. ஐரோப்பாவில் ஒரு நகரத்தில், ஐந்து நாளாக, இருநூறு பேர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாதம் செய்துகொண்டிருந்தார்கள். வந்திருந்த முன்மொழிவுத் தாள்கள் நானூற்றுச் சொச்சம். அதில் ஒன்று கலைப்பிரியாவுடையது. விமான டிக்கெட்டுக்கு நிறுவனத்தால் முடியவில்லை என்பதால் அவள் தூரத்திலிருந்து கேட்கிறவள். அப்படிக் கேட்கிறவர்கள் பேச முடியாது. திரையின் ஓரத்தில் எழுதி அனுப்பலாம், தலைவர் பார்த்தால் உண்டு.

அவள் தாளில் கேட்டது ஒரே ஒரு வரி. அவள் பிறந்தது மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில். மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், அண்ணன் பூவரசன் கடலிலிருந்து படகைத் திருப்பிக் கரை நெருங்கும்போது, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அவன் செல்பேசி அலறியது. சூறைக்காற்று எச்சரிக்கை. வெளியிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பின்னால் வந்த துரைக்கண்ணுவின் படகு திரும்பவே இல்லை. பிறகு கலைப்பிரியா இரண்டு செல்பேசிகளை எடுத்துக்கொண்டு அண்ணனோடு பதினோரு நாள் கடலுக்குப் போனாள். எச்சரிக்கைச் செய்தி துண்டு துண்டாக வருகிறது. படகிலிருக்கும் செல்பேசியோ மரக்காணம் பக்கத்துக் கோபுரத்துக்கும் புதுச்சேரி பக்கத்துக் கோபுரத்துக்கும் மாறி மாறித் தாவுகிறது. தாவும்போதெல்லாம் அதுவரை வாங்கிய துண்டுகளைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. கொட்ட வேண்டாம், வைத்திருக்கட்டும் என்பதுதான் அந்த வரி.

பஸ் நிலையத்தில் நிற்கும்போது பூவரசன் கூப்பிட்டான்.

"இன்னா கலை, ஒத்துக்கினாங்களா?"

"இன்னும் வரலண்ணா. மூணு மணிக்கு."

"ஓட்டு போடுவாங்களா?"

"ஓட்டெல்லாம் கெடையாது. யாரும் வேணாம்னு சொல்லாம இருந்தா போதும். சும்மா இருந்தாலே சரின்னு எடுத்துக்குவாங்க."

"ஒருத்தன் வேணாம்னா?"

"நின்னுடும்."

"எங்க பஞ்சாயத்தே தேவலாம் போல. வேணாம்றவனுக்கு ரெண்டு டீ வாங்கிக் குடுத்தாவது ஒக்கார வெச்சிடுவோம்."

"இங்கயும் அதான் நடக்குது. டீ வாங்கிக் குடுக்க நான் அங்க இல்ல, அவ்ளோதான்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நம்பிக்கை இருந்தது. திங்கட்கிழமை ஒரு பெரிய நிறுவனத்தின் பிரதிநிதி அவளுக்கு மடல் எழுதியிருந்தார். இருவர் தாளும் ஒரே பொருளைப் பற்றியவை, சேர்த்துவிடலாம், உங்கள் வரியை எங்கள் தாளில் சதுர அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன் என்றார். இன்னும் முடிவாகாததை அந்தக் கூட்டத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். கடைசி நாளில் யாரும் மறுக்காவிட்டால் அடைப்புக்குறியை நீக்கிவிடுவார்கள், வரி நிற்கும். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் தாளில் சேர்க்கட்டுமா என்று அவர் கேட்டிருந்தார். கலைப்பிரியா, வேண்டியதில்லை, வரி இருந்தால் போதும் என்று பதில் போட்டாள். எழுதும்போது அது அவளுக்குப் பெருந்தன்மையாகக்கூட இருந்தது. செய்ததற்குப் பெயர் கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிற வீட்டில் வளர்ந்தவள். அன்று மாலையே அவள் தாளின் மேல் 'இணைக்கப்பட்டது' என்று குறித்தார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். மண்டபத்தின் இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், தலைவரின் சலிப்பான குரல். முன்னால் இருந்த தாள்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாக முடிந்துகொண்டிருந்தன. கடைசி நாளில் எல்லோருக்கும் விமானம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் தலைவர் அவள் வரி இருந்த தாளின் எண்ணைப் படித்தார். மணி இரண்டுகூட ஆகவில்லை.

பெரிய நிறுவனத்தின் பிரதிநிதி ஒலிவாங்கியில் பேசினார். தங்களுக்கு வேண்டிய பகுதி வேறொரு தாளில் நேற்றே ஏற்கப்பட்டுவிட்டது என்றார். நேரத்தைக் கருதி இதைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோன்ற குரல்.

"வேறு யாராவது இதை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்றார் தலைவர்.

கலைப்பிரியா திரையின் ஓரத்தில் தட்டினாள். நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், வரி எங்களுடையது. அனுப்பும் குறியை அழுத்தினாள். சின்ன வட்டம் சுற்றியது. பஸ் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றது. காதில் சத்தம் அறுந்தது, வந்தது, மறுபடி அறுந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் செல்பேசியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"ஏம்மா, பிடுங்கிக்கினு ஓடிப் பூடுவானுங்க, உள்ள வெய்யி," என்றாள் பக்கத்தில் மல்லாட்டையை ஓடு உடைத்துத் தின்றுகொண்டிருந்த அம்மாள்.

செய்தி போனபோது கூட்டம் இரண்டு தாள் தாண்டியிருந்தது. இருந்தாலும் தலைவர் பதில் எழுதினார். மரியாதையாகவே எழுதினார். திரும்பப் பெறப்பட்ட தாளை, அதில் பெயர் உள்ள நிறுவனங்கள்தான் எடுத்துக்கொள்ள முடியும். உங்கள் பெயர் அதில் இல்லை.

அலுவலகத்தில் கேபிள் இணைப்பு நன்றாக வேலை செய்தது. அங்கிருந்து அவள் தலைவருக்கு ஒரு மடல் எழுதினாள். அப்படியானால் என் பழைய தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. இணைக்கப்பட்ட தாள் முடிந்த தாள். அதை மறுபடி திறக்க வழியில்லை. அடுத்த சுற்றில் கொண்டு வாருங்கள்.

நிறுவனத்தை நடத்தும் நெடுஞ்செழியன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு பதிலையும் படித்தார். பிறகு திங்கட்கிழமை மடலைக் காட்டச் சொன்னார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவனே கேட்டுக்கினான் பாரு. பேரு போட்டா நமக்கு இன்னாம்மா கொறஞ்சி பூடும்?"

"வரி இருந்தா போதும்னு நெனச்சேன் சார்."

"பேரு பெருமைக்குன்னு நெனச்சிட்ட. அங்க அது பட்டா மாரி." நாற்காலியில் உட்கார்ந்தார். "அடுத்த சுத்து எப்போ?"

"ரெண்டு வருஷம். மூணும் ஆவலாம்."

டீ வந்தது. கலைப்பிரியா கூட்டத்தின் ஒலியை நிறுத்தாமல் வைத்திருந்தாள். யாரோ ஒரு காற்புள்ளிக்காக இருபது நிமிடம் வாதாடினார்கள். அதற்கு நேரம் இருந்தது.

நான்கு மணிக்குப் பூவரசன் கூப்பிட்டான்.

"ஆச்சா?"

"இல்லண்ணா."

"எவனாவது வேணாம்னுட்டானா?"

"யாரும் வேணாம்னு சொல்லல."

"அப்புறம் இன்னா?"

மறுமுனையில் யாரோ டீசல் கேனை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"காலைல போறியாண்ணா?"

"போவாம? காத்து நல்லாத்தான் இருக்கு. நீ சாப்ட்டியா?"

நாலரைக்கு விதிகளின் வரைவை முடித்து மூடினார்கள். அவள் வரி வந்திருக்க வேண்டிய நாற்பத்தோராம் பக்கத்தில் அடைப்புக்குறிகள் இல்லை, வரியும் இல்லை. சனிக்கிழமை விடியற்காலை பூவரசனும் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள்.