கண்டக்டர் அக்காவின் மசோதா

மனைவி ஐந்து முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், தையல்காரர் ஒருநாள்கூட அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கூப்பிட்டால், "நீ பேசறதத்தான் வீட்ல தினம் கேக்கறேனே, அங்க வேற வந்து கேக்கணுமா?" என்று நழுவிவிடுவார். அன்றைக்கு மட்டும் கடையைப் பூட்டிவிட்டு, தானே தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பார்வையாளர் மாடத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். உள்ளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஊருக்கே கண்டக்டர் அக்கா. அரசியலுக்கு வருமுன் பதினொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். விடியற்காலையில் வண்டி ஏறினால் மத்தியானம்தான் இறங்க முடியும். இறங்கினாலும் பணிமனையில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்தே பெண் கண்டக்டர்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒருநாள் அக்காவின் தோழி ஓடும் பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்தாள். சிறுநீரகம் கெட்டு, வேலையையே விடவேண்டியதாயிற்று. அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே அக்கா தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார். அந்தப் பேச்சு அவரைத் தேர்தலில் கொண்டுபோய் நிறுத்தியது. யாரும் எதிர்பார்க்காமல் ஜெயித்தும் விட்டார்.

முதல் கூட்டத்தொடரிலேயே, எல்லாப் பணிமனைகளிலும் பெண்களுக்குக் கழிப்பறையும் ஓய்வறையும் கட்டாயம் வேண்டும் என்று ஒரு மசோதாவை, அமைச்சராக இல்லாத தனி உறுப்பினராகவே கொண்டுவந்தார். சபை சிரித்தது. "இதையெல்லாம் வீட்டோட வச்சுக்கக் கூடாதாம்மா?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர்.

"வீட்ல இருக்குங்க ஐயா. வேலை செய்யற எடத்துலதான் இல்ல."

சிரிப்பு அடங்கியது, ஆனாலும் மசோதா தோற்றது. அதன்பின் மூன்று முறை கொண்டுவந்தார். மூன்று முறையும் தோற்றது.

அதற்காக அக்கா மூலையில் முடங்கிவிடவில்லை. தனி அலுவலகம் வைத்துக்கொள்ளாமல், சனிக்கிழமைதோறும் தையல் கடையிலேயே மக்களைப் பார்த்தார். ஓய்வூதியம் நின்றுபோன ஆசிரியர், குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிற தெருக்காரர்கள் என்று வாசல் நிரம்பி வழியும். ஒருமுறை தையல்காரர் ஒரு பெரியவருக்கு இடுப்பளவு, கால் உயரம் எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான், அவர் மனு கொடுக்க வந்தவர் என்று தெரிந்தது. "அளந்தது அளந்தாச்சு, ஒண்ணு தச்சே குடுத்துடுங்க" என்றார் அக்கா. தையல்காரரும் முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம், அக்கா மூன்று நாள் படகிலேயே இருந்து, கரையோரத் தெருக்களின் கடைசி ஆள் வரை வெளியேற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

தையல்காரர் சபைக்கு வந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் போக்குவரத்து அமைச்சர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். மசோதாவை அரசே கொண்டுவரும், மாநிலம் முழுக்கக் கட்டிக் கொடுக்கும். ஆனால் அக்கா ஐந்தாவது முறையாகக் கொண்டுவந்திருக்கும் தன் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும், சட்டம் அமைச்சர் பெயரில்தான் வரும். அக்கா சரியென்று சொல்லிவிட்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைக் கேட்ட தையல்காரருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"இருவத்திமூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தினது நீ. பேரு மட்டும் அவருக்கா?"

"என் பேர்ல வந்தா தோக்குது. அவர் பேர்ல வந்தா ஜெயிக்குது. நான் எதப் பாக்கட்டும்?"

"ஒனக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்குங்க. இல்லேன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு, அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அந்தப் பதில்தான் தையல்காரரை மாடம் வரை இழுத்து வந்திருந்தது. கீழே பேரவைத் தலைவர் அழைத்ததும் அக்கா எழுந்தார். ஒரே வாக்கியத்தில் தன் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்தார். அமைச்சர் அரசின் மசோதாவை வாசித்தார். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது ஒரு குரலும் எழவில்லை. ஆதரிப்பவர்கள் என்றதும் மொத்த சபையும் "ஆம்" என்றது. அதோடு முடியும் என்று தையல்காரர் நினைத்தார். ஆனால் ஆளுங்கட்சி வரிசையில் இளவயது உறுப்பினர் ஒருத்தி, அக்கா இருந்த பக்கம் திரும்பி மேஜையைத் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர் தட்டினார், எதிர்வரிசை தட்டியது. கடைசியில் அமைச்சரே திரும்பி நின்று தட்டினார். அக்கா தலை நிமிராமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தையல்காரர் தன்னை மறந்து எழுந்து கைதட்டினார். பெண் காவலர் விரைந்து வந்து, மாடத்தில் கைதட்டக் கூடாது என்றார்.

"மன்னிச்சுக்கம்மா. அது என் வீட்டுக்காரி."

காவலர் கீழே பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப இன்னும் ரெண்டு தட்டு தட்டிக்கோங்க. நான் அந்தப் பக்கமாப் பாத்துக்கறேன்."

வெளியே படிக்கட்டில் காத்து நின்றபோது, பத்து நாளாகக் கோர்த்து வைத்திருந்த கோப வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. படியிறங்கி வந்த அக்கா, சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். தையல்காரர் அக்காவின் கனத்த கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் காவலரிடமும், வாடகைக் கார் ஓட்டுநரிடமும், யாரும் கேட்காமலே சொன்னார்:

"இன்னிக்கு ஒரு சட்டம் வந்திருக்கு, தெரியுமில்ல?"