மெஷினைப் பிடித்த செடி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, சத்தியம். தையல்காரர் இறந்ததும் அவர் மனைவியிடம் கொழுந்தன் வந்து அவருடைய தையல் மெஷினைக் கேட்டான். அது போனால் அவளுக்குப் பிழைப்பில்லை. வாய்திறந்து மறுக்கவும் அவளால் முடியவில்லை.

அன்றே ஜன்னலோரத் தொட்டிச்செடி உருமாறத் தொடங்கியது. இலை நுனிகள் பற்றுக்கம்பிகளாக நீண்டு மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டன. மற்ற இலைகள் சுருங்கி முள்ளாயின. ஒவ்வொரு முள்ளிலும் நூல் கோக்கக் காது இருந்தது.

கொழுந்தன் மெஷினைத் தூக்கக் கைவைத்தான்.

“ஐயோ, குத்துது அண்ணி!”

“உங்க அண்ணன் விடமாட்டேங்கிறாரே தம்பி, நான் என்ன பண்ண?”

ரத்தம் சொட்ட ஓடியவன் திரும்பவேயில்லை. அவள் தைக்க உட்கார்ந்தாள். ஒரு பற்றுக்கம்பி அவள் கட்டைவிரலைச் சுற்றி, அவர் பிடிப்பதுபோலவே லேசாக அழுத்தியது.

அந்தச் செடியைத் தையல்காரர் பிளாஸ்டிக் சாமான் கடையில் வாங்கியிருந்தார்.