ஒரே காரில் மூன்று பூச்சு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அதனால்தான் கார்களோடு வேலை பார்க்கிறேன், அவை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் என் ஷெட்டுக்குள் கீறலோடு வருகிற கார் பளபளவென்று வெளியே போகும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அந்த வியாழக்கிழமை எர்ரல் ஹாடோ தன் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. பழைய ஜப்பான் கார் அது. மனுஷர் அதை ஓட்டுவதைவிடத் துடைப்பது அதிகம். துடைப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவது அதிகம்.

"ஷெரில், அந்தப் பாழாப்போன கிளிங்க பண்ணின வேலையப் பாரும்மா!"

அவர் வீட்டு மக்கடேமியா மரத்தில் கொட்டை தின்ன வந்த வெள்ளைக் கொண்டைக்கிளிக் கூட்டம், கீழே நின்ற காரின் மேல் கூத்தாடிவிட்டுப் போயிருந்தது. கூரையிலும் பானெட்டிலும் நகக் கீறல். கிளிகளை விரட்டுகிறேன் என்று பாய்ந்த அவர் நாய், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் தன் பங்கையும் சேர்த்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை கார் காட்சி. ஃபேக்டரி பெயிண்ட் பிரிவுல பேர் குடுத்திருக்கேன். கோப்பை வைக்க அலமாரியில இடம்கூட ஒதுக்கியாச்சு."

"அலமாரிதான் ரொம்பி வழியுதே?"

"கல்யாண ஃபோட்டோவ எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டேன்."

ஃபேக்டரி பெயிண்ட் பிரிவு என்றால், தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்தான் காரில் இருக்க வேண்டும், ஒரு பாகத்தைக்கூட வெளியே அடித்திருக்கக் கூடாது என்று அர்த்தம். கார்க்காரர் அப்படி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மறுபடி அடித்த இடம் தடித்திருக்கும் என்பதால், நடுவர் காலின் பூச்சின் தடிமனை அளக்கும் சின்னக் கருவியோடு வருவான். எர்ரலுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது என்று ஊருக்கே தெரியும். பதினாலு வருஷமாக பேக்கரியில், பப்பில், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே, "என் கார்ல ஒரு சொட்டு வெளி பெயிண்ட் கிடையாது" என்று சொல்லிவருகிறவர் அவர்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காரின் மேல்பூச்சு எல்லாமே ஒரே மாதிரி இருக்காது. சிலது வெண்ணெய் மாதிரி. சட்டென்று கீறும், சட்டென்று கீறல் போகும், ஆனால் கொஞ்சம் அழுத்திவிட்டால் மூட்டம் போட்டுவிடும். சிலது கருங்கல். நாள் முழுக்கத் தேய்த்தாலும் கீறல் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் முதலில் டேப் ஒட்டி உள்ளங்கை அளவு கட்டம் கட்ட வேண்டும். பாலிஷ் மெஷினில் இருப்பதிலேயே மென்மையான பஞ்சை மாட்டித் தேய்த்துப் பார்த்து, போகாவிட்டால் அடுத்ததற்கு ஏற வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக. இதைச் செய்யாத ஆட்களை நான் திட்டாத திட்டு இல்லை.

அன்றைக்கு நான் கூரையில் மட்டும்தான் கட்டம் கட்டினேன். மொத்தக் காருக்கும் ஒரே பூச்சு என்று பதினாலு வருஷமாக ஒருவர் காதில் ஓதினால் யாருக்குத்தான் புத்தி மழுங்காது? நடுத்தரப் பஞ்சு போட்டதும் கூரைக் கீறல் சமர்த்தாகப் போய்விட்டது. அதே பஞ்சோடு கதவுக்குப் போனேன். பத்தே விநாடி. வெந்நீரில் குளித்தபின் இருக்கும் குளியலறைக் கண்ணாடி மாதிரி கதவு மங்கிவிட்டது.

அய்யோ என்று கத்தியேவிட்டேன். பதறிப்போய் மெஷினை பானெட்டில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு கீறல்கூட அசையவில்லை. அதே பஞ்சு, அதே பாலிஷ், அதே கை. மென்மையான பஞ்சால் கதவின் மங்கலை மட்டும் எடுத்துவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். கூரை மட்டும்தான் தொழிற்சாலைப் பூச்சு. கதவையும் பானெட்டையும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் பிற்பாடு அடித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் எர்ரலின் மனைவி கிளெனிஸ் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு வந்தாள். அவள் சும்மா கேக் கொண்டுவருகிற ஆள் இல்லை.

"கதவத் தொட்டியா, ஷெரில்?"

"தொட்டேன். யார் அடிச்சது அந்தப் பெயிண்ட்ட?"

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் எர்ரல் பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இவள் காரை எடுத்துக்கொண்டு போய்த் தூணில் இடித்திருக்கிறாள். அவர் வீடு திரும்புவதற்குள் யாரோ ஒருவனைப் பிடித்து அவசரமாகப் பூசியாகிவிட்டது.

"இப்பவாவது அவர்கிட்ட சொல்லித் தொலைங்க. ஞாயித்துக்கிழமை காலின் கருவிய வச்சான்னா ஊர் முன்னால அவர்தான் பொய்யர்."

"எப்படிடி சொல்லுவேன்? ஏற்கெனவே நெஞ்சப் பொளந்து தச்சிருக்காங்க. நீயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். பானெட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எர்ரலே வந்தார். கையில் கேக் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

"பானெட்ட ரொம்பத் தேய்க்காதம்மா."

"ஏன், வலிக்குமா?"

ஒருமாதிரி நெளிந்துவிட்டுச் சொன்னார். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாய்ந்து பானெட் நசுங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் வண்டி எடுக்காதே என்று கிளெனிஸைத் தினமும் மிரட்டுகிறவர் இவர்தான். ஆகவே தம்பி நெவில் நிமோனியாவில் கிடக்கிறான் என்று வீட்டுக்கு போன் போட்டுவிட்டு, நல்ல பெயிண்டராகப் பார்த்து அடித்து, அது காயும்வரை பன்னிரண்டு நாள் தம்பி வீட்டில் பதுங்கியிருக்கிறார்.

"அப்புறம் எந்தத் தைரியத்துல அந்தப் பிரிவுல பேர் குடுத்தீங்க?"

"இத்தன வருஷமா சொல்லிட்டேனே. இப்ப வேணாம்னா கிளெனிஸ் ஏன்னு கேப்பா. காலினோட கருவி பேட்டரியிலதான ஓடுது? தீந்துபோகாதா?"

"எர்ரல், வீட்டுக்குப் போங்க."

போவதற்கு முன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். இதென்ன பாலிஷ் ஷெட்டா, பாவமன்னிப்புக் கூண்டா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மதியம் காரை எடுக்க இரண்டு பேரும் ஜோடியாக வந்தார்கள். எர்ரல் சட்டைப்பையில் படிவம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கிளெனிஸ் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறாள். எர்ரல் இருமுகிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். மெஷினைக் கையில் கொடுக்க மாட்டேன் என்று செய்யவில்லை.

"வேலை முடியல. ஆளுக்கு ஒரு கை போடுங்க. எர்ரல், நீங்க கதவு. கிளெனிஸ், நீங்க பானெட். ரெண்டுக்கும் ஒரே பஞ்சு, ஒரே பாலிஷ்."

இரண்டு மெஷினும் உறுமின. பத்து விநாடியில் எர்ரல் நிறுத்திவிட்டார்.

"என்னது இது? மங்குது! இது ஃபேக்டரி பெயிண்ட்டே இல்ல!" அவர் குரல் கூரைத் தகரத்தில் போய் முட்டியது. "என் கதவ எவன் தொட்டான்?"

"இங்க ஒண்ணுமே போகல, எர்ரல்." கிளெனிஸ் பானெட்டைத் தட்டிப் பார்த்தாள். "கூரைல போயிருக்கு, இதுல போகல. ஏன்?"

எர்ரல் தன் மெஷினின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கங்காரு," என்றார் மெதுவாக. "நெவிலுக்கு நிமோனியா வந்ததே, அப்ப."

"அடப்பாவி மனுஷா! நெவிலுக்கு நான் மூணு பாத்திரம் சூப் வச்சு அனுப்பினேனே!"

"நல்லா இருந்துச்சு."

"சர்ச்சில அவனுக்காக ஜெபம் பண்ணச் சொன்னேன்யா!"

"அதான் உடனே தேறிட்டான்." சொன்னதும் அவருக்குப் பழைய ரோஷம் வந்துவிட்டது. "சரி, என்னுத விடு. கதவு? கார எடுக்காதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? எங்க கொண்டுபோய் இடிச்ச?"

"ஆஸ்பத்திரி கார் பார்க்குல." கிளெனிஸ் மெஷினைக் கீழே வைத்தாள். "விடிகாலைல போன் பண்ணி, ஆபரேஷன் இப்பவே பண்ணணும், உடனே வாங்கன்னாங்க. பிரிஸ்பேன் வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல நிறுத்தாம ஓட்டினேன். உள்ள வந்து திரும்பறப்ப தூணே தெரியல. எப்படித் தெரியும்? அழுதுக்கிட்டே ஓட்டினா என்ன தெரியும், கழுதை?"

எர்ரல் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். நான் எதையோ தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது. பாலிஷ் நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கதவுக்குப் பூப்போல ஒரு பஞ்சு, பானெட்டுக்கு முரட்டுக் கம்பளி என்று தனித்தனியாகப் போட்டு வேலையை முடித்தேன். கதவு வேலை நடந்தபோது எர்ரல் பக்கத்திலேயே நின்று, "பாத்து, அழுத்தாத, பாத்தும்மா" என்று என் உயிரை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், காலினின் மேஜைமேல் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பொதுப் பிரிவுக்கு வேறொன்று கேட்டு வாங்கினார் எர்ரல். பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பதினாலு வருஷப் பேச்சாயிற்றே! அவர் காதுமடல் சிவந்ததே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. பொதுப் பிரிவின் படிவத்தில், மறுபடி பெயிண்ட் அடித்த பாகங்களையும் காரணத்தையும் எழுத வேண்டும். பானெட் என்ற இடத்தில் "கங்காரு" என்று எழுதினார். கதவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு எழுதி நீட்டினார்.

காலின் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தான். "கதவு. காரணம்: என் மனைவி என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள்." நிமிர்ந்து பார்த்தான். "எர்ரல், இதெல்லாம் ஒரு காரணமாய்யா?"

"ஆமா," என்றார் எர்ரல். "கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன் பாரு."